மோந்து பார்க்கக் கூடாது

பூவுக்கென்று ஒரு மன்றம் நடத்திக்கொண்டு, அந்தப் பூவை ஒருத்தி கூட மோந்து பார்க்காமல் இருந்த ஊர் திருத்தணி ஒன்றாகத்தான் இருக்கும். அந்த மன்றத்துக்குச் செயலாளர் நான்தான். பெயர் சுலோச்சனா. என் வீட்டுக்காரர் கோதண்டபாணி தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். வேலூரிலிருந்து மாற்றலாகி வந்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு பிடித்திருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு அந்த ஊரில் செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சாயங்காலம் அவர் பாடு திண்டாட்டம். அதனால் மன்றம் ஆரம்பித்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இந்தப் பூ அலங்காரத்தைக் கற்றிருந்தேன். தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஆணிக்கட்டை வைத்து, பூவையும் குச்சியையும் அதில் குத்தி நிறுத்த வேண்டும். ஒன்று உயரம், ஒன்று நடுத்தரம், ஒன்று குட்டை. பூவை அடைத்து வைக்கக் கூடாது, நடுவே காற்றுக்கும் இடம் விட வேண்டும். திருத்தணியில் ஆணிக்கட்டைக்கு எங்கே போவது? தச்சரிடம் சொல்லி மரத்துண்டில் ஆணி அடித்து வாங்கினேன். முதல் கூட்டத்தில் தண்ணீர் ஊற்றியதும் அது பூவோடு மிதந்து கிண்ணத்தைச் சுற்றி வலம் வந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடியில் காரீயம் உருக்கி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கட்டை நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். ஆபீஸ்காரர் வீட்டுப் பெண்கள்தான் அதிகம். அதில் எனக்கு வலது கை மாதிரி இருந்தவள் காஞ்சனா, கம்பவுண்டர் மனைவி. நல்ல பெண். ஒரே ஒரு குறை, யாரிடமும் எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். காபி வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட, "எங்க வூட்ல இன்னிக்குப் பால் நெறைய இருந்துது அக்கா" என்பாள். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பூ வந்தது வரலட்சுமி வீட்டிலிருந்து. அவள் நெசவுக்காரர் வீட்டு மருமகள். புருஷன் வேணு. வீட்டின் முன்கட்டில் பவர்லூம் ஓடும், பின்கட்டில் கிணறும் தோட்டமும். மல்லி, சாமந்தி, நந்தியாவட்டை, ரோஜா, ஒரு மூலையில் மனோரஞ்சிதம். அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் நாங்கள் வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மன்றத்துக்கு வந்த புதிதில் வரலட்சுமி பேசினால் தெருமுனை வரை கேட்கும். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வந்த பழக்கம். கொஞ்ச நாளில் அந்தக் குரல் தானாகத் தணிந்தது. ஒருநாள் என்னிடம், "இங்க வந்தாத்தான் அக்கா என் கொரலு எனக்குக் கேக்குது" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னமோ செய்தது.

அவளுடைய மாமியார் அன்னம்மாள் இரண்டாவது கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இள வயதிலேயே புருஷனை இழந்தவர். கைத்தறி இருந்த வீட்டில் பவர்லூம் போட்டு, பிள்ளையையும் ஆளாக்கினவர். வாசற்படியில் நின்றபடியே கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதெல்லாம் அப்பறம் யாருக்கும்மா?" என்றார்.

"யாருக்கும் இல்லைங்க. பாக்கறதுக்குத்தான்."

"பாத்துட்டு?"

"வாடினா எடுத்துப் போட்டுடுவோம்ங்க."

"குப்பையில. அதுக்குத்தான் நான் இருட்டோட எழுந்து செடிக்குத் தண்ணி எறைக்கிறனா? வரலட்சுமி, கெளம்பு."

வரலட்சுமி எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாப் பூவையும் மலைக்கோயிலுக்கு அனுப்பிவிடுகிறோம், சுவாமிக்கே போகட்டும் என்றேன். அன்னம்மாள் யோசித்தார். பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் போல நிதானமாக யோசித்தார்.

"தண்ணியில வெச்சா தப்பில்ல. மொட்டையும் தண்ணியிலதான போட்டு வெக்கிறோம். ஆனா ஒருத்தரும் மோந்து பாக்கக் கூடாது. மோந்துட்டா அது எச்சப் பூ. சாமிக்கு ஆவாது."

"காத்துல தானா வர்ற வாசனைங்க?" என்று காஞ்சனா மெதுவாகக் கேட்டாள்.

"அது தானா வர்றது. அதுக்கு நாம இன்னா பண்றது. மூக்கை எடுத்துக்கினு போயி வெக்கிறதுதான் தப்பு."

"கீழ விழுந்துட்டா?"

"தரையில விழுந்ததும் சாமிக்கு ஆவாது. அதை நீ வூட்டுக்கு எடுத்துக்கினு போ." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "சொன்ன பேச்சு சொன்ன பேச்சா இருக்கணும்மா. ஒரு நாள் ஒருத்தி மோந்தாலும் அன்னியோட சரி. அப்பறம் எங்க வூட்லயிருந்து பூவும் வராது, இவளும் வர மாட்டா."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கைநிறைய மல்லியை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொள்வது எத்தனை கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக வருகிற பெண்களிடம் முதலில் சொல்கிற பாடமே இதுதான். மாலையில் பூவையெல்லாம் ஆணியிலிருந்து எடுத்து மூங்கில் கூடையில் போடுவோம். வரலட்சுமியும் மாமியாரும் அதை எடுத்துக்கொண்டு படியேறுவார்கள். காஞ்சனா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கையிலிருந்து ஒரு ரோஜாவோ ஒரு கொத்து மல்லியோ தவறாமல் கீழே விழும். "கை தவறிப் போச்சு அக்கா" என்று அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். வாசல் தாண்டியதும் அவள் முந்தானை மூக்குக்குப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கண்டும் காணாமல் விட்டுவிட்டேன். நேராகக் கேட்கத் தெரியாதவள் வேறென்ன செய்வாள்.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் பெரிதாக்க நினைத்தேன். மெட்ராஸில் மலர்ச் சங்கம் நடத்துகிற கௌரியம்மாள் என்பவருக்குக் கடிதம் போட்டு, எங்கள் மன்றத்தின் கண்காட்சிக்கு நடுவராக வரச் சொன்னேன். அவரும் வருகிறேன் என்றார். ஆவணி மாதம், வெள்ளியும் கிருத்திகையும் ஒன்றாக வந்த நாள் அது. தெரிந்தவர் ஒருவருடைய கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். கிருத்திகை என்பதால் அன்றைக்குப் பூவை எடுத்துப் போக அன்னம்மாள் தானே மண்டபத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனதில் இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். மெட்ராஸ்காரருக்கு நம் சட்டத்தைச் சொல்லிவைக்க வேண்டும்.

கிண்ணங்களை வரிசைப்படுத்துகிற வேலை எனக்கு இருந்தது. ஸ்டேஷனுக்குக் காஞ்சனாவை அனுப்பினேன்.

"எறங்கினதும் மொதல் வேலையா அதைச் சொல்லிடு. மறந்துடாத."

"சொல்லிடறேன் அக்கா."

குதிரை வண்டி மண்டபத்து வாசலில் வந்து நின்றது. கௌரியம்மாள் வெள்ளைப் புடவையும் கண்ணாடியுமாக இறங்கினார். கனிவான முகம். உள்ளே நுழைந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. காஞ்சனாவைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டேன். "ஆங், சொல்லிட்டேன் அக்கா" என்று தலையாட்டினாள்.

அன்னம்மாள் அதற்கு முன்பே வந்து கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து ஈரம் காயாத முடி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத விரதம். மடியில் காலிக் கூடை.

கௌரியம்மாள் முதல் கிண்ணத்தின் முன் குனிந்தார். அது என்னுடையது. உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அடுத்தது ரோஜா வைத்த கிண்ணம். அதற்கும் குனிந்தார். நன்றாக மூச்சை இழுக்கிற சத்தம் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "ஆஹா" என்றார். கையை அவிழ்க்கவே இல்லை. பின்னால் கட்டிய கை கட்டியபடியே, ஒரு கிண்ணம் விடாமல், மூக்கைப் பூவுக்குள் விட்டு எடுத்துக்கொண்டே போனார். நாங்கள் மரமாக நின்றோம். தடுப்பது எப்படி? பெரிய மனுஷி, நாமே கடிதம் போட்டு அழைத்தவர்.

கடைசியாக வரலட்சுமியின் கிண்ணம். வளைந்த கொய்யாக் கிளை ஒன்று, அதன் காலடியில் இலைக்குள் இலையாக மனோரஞ்சிதப் பூக்கள். பச்சைக்குள் பச்சையாக இருப்பதால் தேடினால்தான் தெரியும். கௌரியம்மாள் கண்ணால் தேடவில்லை. "எங்கேயோ மனோரஞ்சிதம் இருக்கே" என்று முகத்தை இலைக்குள் நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. "முதல் பரிசு இதுக்குத்தான்" என்றார்.

காஞ்சனாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அவங்ககிட்ட இன்னாடி சொன்னே?"

"மோந்து பாக்காதீங்கன்னு விருந்தாளிகிட்ட எப்படிக்கா சொல்றது. பூ மேல கை மட்டும் படாம பாத்துக்குங்கன்னு சொன்னேன். மீதியை அவங்களே புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவள் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அந்த அம்மாள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார். கை படக் கூடாது என்றதால் மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் தூக்கை வரலட்சுமி வாங்கிக்கொண்டாள். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. கௌரியம்மாள் எங்களை வாயாரப் புகழ்ந்தார். இந்த ஊரில் இப்படி ஒரு மன்றமா என்று ஆச்சரியப்பட்டார். நான் ஏங்கிக்கொண்டிருந்த பேச்சு அது. ஒரு வார்த்தை கூடக் காதில் ஏறவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று காஞ்சனாவே அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அன்னம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடியில் இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே, "வரலட்சுமி, கெளம்பு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் சண்டை போடுவேன்.

"தெரியாம நடந்ததுங்க. அவங்க பழக்கம் வேற. அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா? வேற பூ வேணும்னா அடிவாரத்துல நானே வாங்கித் தரேன்."

"கடப் பூவை எத்தினி மூக்கு பாத்துதோ" என்றார். "நான் அவங்களை ஒண்ணும் சொல்லலம்மா. உன்னையும் சொல்லல. அன்னிக்கே பேசின பேச்சுதான். வெரதம் இருந்துட்டு, வெறுங்கூடையை எடுத்துக்கினு நான் எப்படிப் படியேறுவேன்? இவ இனிமே வர மாட்டா. நீங்க வேற எங்கனாச்சும் பூ பாத்துக்கங்க."

வரலட்சுமி எங்கள் இருவரையும் பார்க்காமல் கிண்ணங்களிடம் போனாள். ஆணியிலிருந்து பூவை ஒவ்வொன்றாக எடுத்தாள். வழக்கமாகக் கூடைக்குள் போகிற பூ அன்றைக்குப் போக இடமில்லாமல் அவள் கையிலேயே இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம் ஒரு ரோஜாவை நீட்டினாள். அடுத்தவளிடம் கொஞ்சம் மல்லி. "இனிமே இது வெறும் பூதான், வெச்சிக்கோங்க" என்றாள்.

முதலில் யாரோ ஒருத்தி அதை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்புறம் எல்லோரும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அடக்கி வைத்திருந்த மூக்குகள் அல்லவா. நானும் மல்லியை இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டேன். கோபத்துக்கு நடுவிலும் அது நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன். ஒருத்தி தலையில் இன்னொருத்தி பூ வைத்தாள். மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களிடமும் பூ போய்ச் சேர்ந்தது. அன்னம்மாளிடம் மட்டும் யாரும் நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. புருஷன் இல்லாதவருக்கு யார் பூ கொடுப்பார்கள்.

வரலட்சுமி தன் கிண்ணத்துக்கு வந்தாள். கொய்யாக் கிளையை எடுத்து வைத்தாள். ஒரு மனோரஞ்சிதத்தைக் கையில் எடுத்தவள், கதவோரம் போய் மாமியாரின் உள்ளங்கையை இழுத்து அதில் வைத்தாள்.

நான் பயந்துபோனேன். அன்னம்மாள் அதைக் கீழே போடுவார், இல்லை அவள் முகத்தில் எறிவார் என்று நினைத்தேன்.

"எனக்கு எதுக்குடி?" என்றார்.

"தலையிலதான் வெக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க அத்தை. மோந்து பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அன்னம்மாள் உள்ளங்கையைப் பார்த்தார். அந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் இறைத்த கை அது.

"இது அவரு வெச்ச செடி" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. "இது பூக்கறதுக்குள்ள அவரு பூட்டாரு. மொதல் பூவுலயிருந்து சாமிக்குத்தான் எடுத்துக்கினு போறேன். எனக்கு இன்னாத்துக்கு மோக்கறதுன்னு வுட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தலையில் பூ இல்லை. அவர் கைக்கு வருகிற பூ அத்தனையும் சுவாமி பூ. அதை மோக்கக் கூடாது. ஊரிலேயே பெரிய பூந்தோட்டத்துக்கு இருட்டோடு எழுந்து தண்ணீர் இறைக்கிற மனுஷி, இத்தனை காலமாக ஒரு பூவைக்கூட மூக்கருகே கொண்டுபோனதில்லை. எங்களுக்கு வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும் இருந்த கஷ்டம் அவருக்கு வாழ்நாள் பூராவும் இருந்திருக்கிறது. அதை அவர் கஷ்டம் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்.

"எந்தப் பழத்தை நெனச்சிக்கினு மோந்தாலும் அந்த வாசனை வரும்னு சொல்றாங்களே" என்று அன்னம்மாள் கேட்டார். "நெசந்தானா?"

"நெசந்தான் அத்தை. மோந்து பாருங்க."

"எந்தப் பழத்தை நெனைக்கிறது?"

"உங்களுக்குப் புடிச்சது எதுவோ அதை."

அவர் கண்ணை மூடினார். நினைப்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பூவை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"வருது" என்றார்.

என்ன பழம் என்று வரலட்சுமி கேட்டாள். அவர் சொல்லவில்லை. இன்னொரு தரம் மோந்தார். பிறகு பூவை இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வரலட்சுமியிடம் மறுபடியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், "கெளம்பு" என்று. இரண்டு பேரும் வெயிலில் இறங்கிப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை நான் வீட்டில் ஒருவரிடமும் சரியாகப் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சொன்ன வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிண்ணங்களை எடுத்து வைக்கவும் மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். காஞ்சனா ஒரு மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு நான் இன்னும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

படி ஏறி வந்தது வரலட்சுமிதான். தலையில் பூ நிரம்பிய கூடை. நான் எழுந்து ஓடிப்போய் அதை வாங்கினேன்.

"வுட்டாங்களா உங்க அத்தை?"

"அவங்கதான் கூடையைக் கையில குடுத்தாங்க அக்கா. நேரமாவுது போ, அந்தம்மா காத்துக்கினு இருப்பாங்கன்னாங்க."

"அன்னிக்கு மலைக்கு?"

"வெறுங்கூடையோடத்தான் ஏறினாங்க. சன்னதியில ரொம்ப நேரம் நின்னாங்க. சாமிகிட்ட இன்னா பேசினாங்களோ, எனக்குத் தெரியாது."

"அப்போ சட்டம்?"

"சட்டம் சட்டம்தான். சாமிக்குப் போற பூவை யாரும் மோக்கக் கூடாதுன்னு மறுபடியும் சொல்லி அனுப்பினாங்க." வரலட்சுமி கூடத்தில் உட்கார்ந்து பூவை வகை பிரிக்க ஆரம்பித்தாள். பிறகு, இங்கே தறிச் சத்தம் எதுவும் இல்லாதபோதும், குரலை இன்னும் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆனா அக்கா, மனோரஞ்சிதத்தை மட்டும் இப்போ அத்தையே பறிக்கிறாங்க. என்னைக் கிட்ட வுட மாட்டாங்க. தெனமும் ஒரு பூ அவங்களுக்குக் கை தவறிக் கீழ விழுந்துடுது."